ஊஞ்சற்பாட்டில் பதினொரு விநாடி

அன்புள்ள அண்ணைக்கு,

போன மாதம் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்க மன்னார் ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன். தாதிப் பிள்ளை பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையில் தடவினாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊசிக்குப் பயமோ ஐயா?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? ஒரு மனுசன் காலையில் வந்ததும் முதல் வேலையாக இதே ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பாட்டை நாடாவில் பதிகிற ரேப் மெசினின் தலையைக் குழந்தையின் காதைத் துடைப்பது போலத் துடைப்பார் என்றும், அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்றும், பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் உங்கள் மகளின் அழைப்பு வந்தது. அடுத்த கிழமை உங்களுடைய ஆட்டைத் திவசம், கட்டாயம் வரவேண்டும் என்றாள். வேறு நாளென்றால் கால்வலி, பஸ் இல்லை என்று ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். ஏனென்றால் அந்த வீட்டில் உங்கள் மனைவியின் பாட்டுப் பதிந்த ரேப் சுருள் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக நான் கண்ணில் படாமல் ஒதுங்கிய பொருள் அது. ஆனால் அன்று ஸ்பிரிட்டு மணம் கையில் இன்னும் இருந்தது. "வாறன் பிள்ளை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போய் வந்துவிட்டேன். அங்கே நடந்ததை உங்களிடம் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் எங்களிடம் வந்தது, சண்டை முடிந்து, சனங்களை முகாம்களிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து சொந்த ஊர்களில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில். வெளிநாட்டில் எங்கோ ஒரு ஸ்டூடியோவை மூடியபோது, யாரோ ஒரு புண்ணியவான் அதன் சாமான்களையெல்லாம் எங்கள் வேதக்கோயில் பங்குக்கு அனுப்பிவைத்திருந்தார். பங்கு மண்டபத்தின் பின் அறை முழுக்கப் பெட்டிகள். கட்டில் அளவில் ஒரு மிக்சர் மேசை, இரண்டு ரேப் மெசின்கள், ஒரு சாக்கு நிறைய வயர். விளக்கப் புத்தகம் மட்டும் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சங்கீத மாஸ்ரர், கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவன். பாட்டுப் பதிய வேண்டும் என்ற ஆசை இருந்ததே தவிர, எந்த வயர் எங்கே போகும் என்று ஒரு மண்ணும் தெரியாது. பாதர் விசாரித்து விசாரித்து, முன்பு வெள்ளாங்குளத்தில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்தார்.

காலை பஸ்ஸில் விடத்தல்தீவு, பாப்பாமோட்டை எல்லாம் தாண்டி, தள்ளாடி ஆமிச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, பாலம் கடந்து எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தீர்கள். சேட்டு நன்றாகத் தோய்த்திருந்தது. ஆனால் உங்கள் அளவுக்கு இரண்டு மடங்கு. நிவாரணத்தில் கிடைத்தது என்று பிறகு சொன்னீர்கள். பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்கள். எனக்கு அவசரம். "எத்தினை நாளில முடியும் அண்ணை?" என்று கேட்டேன்.

"முதல் இதுகள் என்ன கதைக்குதுகள் எண்டு கேப்பம் மாஸ்ரர்" என்றீர்கள்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு மாதம் உங்களோடு வேலை செய்த பிறகும் பிடிக்கவில்லை. இப்போது சொல்கிறேன், அதில் ஒன்றும் வெட்கமில்லை.

மெசின்கள் அறையின் அந்த மூலையில். மேசை இந்த மூலையில். மேசையில் இருந்தபடியே பட்டனை அழுத்தி, அங்கே நிற்கும் மெசினை ஓடவிடவும், நிறுத்தவும், பின்னுக்குச் சுற்றவும், பதியவும் வேண்டும். அதற்கென்று ஒரு தடித்த கேபிள் வந்திருந்தது. வந்த இடத்தில் அதன் ஒரு முனையை யாரோ கத்தியால் அறுத்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே இருபத்துச் சொச்சம் மெல்லிய வயர்கள். எது ஓட்டம், எது நிறுத்தம் என்று எழுதியா இருக்கிறது? நீங்கள் மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு மீற்றரைப் பிடிப்பீர்கள். நான் மேலே இருந்து பட்டனை அழுத்த வேண்டும். "அமத்துங்கோ" என்பீர்கள். அழுத்துவேன். "எடுங்கோ" என்று நீங்கள் சொல்வதற்குள் நான் எடுத்துவிடுவேன். "மாஸ்ரர், நான் இன்னும் பாத்து முடியேல்லை" என்று கீழேயிருந்து குரல் வரும். திரும்பவும் அமத்துங்கோ. இப்படி ஆறு நாள்.

ஆறாம் நாள் நான் ஓட்டப் பட்டனை அழுத்தினேன்; அந்த மூலையில் மெசின் சுற்றத் தொடங்கியது. நான் எழும்பிக் கை தட்டினேன். நீங்கள் கீழேயிருந்து வெளியே வந்து மேசையைப் பார்த்துவிட்டு, "விளக்கு எரியேல்லை" என்றீர்கள்.

பட்டனுக்குள்ளேயே ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. நாங்கள் அழுத்துவதால் அது எரியக்கூடாதாம். மெசின் கட்டளையைக் கேட்டு, செய்து, செய்துவிட்டேன் என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் எரிய வேண்டுமாம். "கட்டளை போறதுக்கு ஒரு வயர், மறுமொழி வாறதுக்கு ஒரு வயர். மறுமொழி வராமல் அடுத்த பட்டனுக்குப் போகக்கூடாது மாஸ்ரர்" என்றீர்கள். மெசின்தான் ஓடுகிறதே, என் கண்ணால் பார்க்கிறேனே, விளக்கு என்ன கோதாரிக்கு என்று நான் கத்தினேன். நீங்கள் சிரித்துவிட்டு மறுபடியும் கீழே போய்விட்டீர்கள். அந்த விளக்குக்கு மூன்று நாள். பிறகு, வேகமாகப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஓட்டப் பட்டனை அழுத்தினால் நாடா அறுந்துவிடும் என்று, மெசின் முழுதாக நின்ற பிறகே அடுத்த கட்டளையை அனுப்பும்படி மேசைக்குப் பழக்கினீர்கள். அதற்கு இரண்டு நாள். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் இருத்துகிற எனக்கு, ஒரு மெசின் மூச்சுவிட்டு முடியும்வரை காத்திருப்பது தண்டனை போலத்தான் இருந்தது.

மேசையில் எனக்கு உண்மையாகப் பிடித்த பட்டன் ஒன்றே ஒன்று. அதை அழுத்திக்கொண்டு பேசினால், பேசுவது நேரே நாடாவில் பதியும். எந்தப் பாட்டு, எத்தனையாவது தடவை என்று தொடக்கத்தில் சொல்லிவைப்பதற்காக வைத்தது. அழுத்தியிருக்கும்வரை ஸ்பீக்கர் தானாகத் தணிந்துவிடும். "மாஸ்ரருக்கெண்டே செய்தது. நீங்கள் கதைக்கேக்க மற்ற எல்லாம் வாய் மூடுது" என்று நீங்கள் பகிடி பண்ணினீர்கள். நானும் என் இடது கையை அந்தப் பட்டனிலேயே வைத்துப் பழகிவிட்டேன். வெளியே கழுதை கத்தினால்கூட, "கழுதையால் நிறுத்தப்பட்டது, இரண்டாம் தடவை" என்று அறிவித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவேன்.

மத்தியானங்களில் என் வீட்டிலிருந்து மீன்குழம்பு வரும். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் மீன் தொடமாட்டீர்கள் என்று என் மனுசி பருப்பும் கத்தரிக்காயும் தனியாக அனுப்புவாள். உங்கள் வயல் முதற்போகம் விளைந்ததும் ஒரு சாக்கு அரிசியைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். சோறில்லாமல் தீவார் என்ன செய்வார்கள் என்று நீங்களும், மீனில்லாத சோற்றை மனுசன் தின்பானா என்று நானும் சண்டை பிடித்துக்கொண்டே சாப்பிடுவோம். இரண்டு மெசின்களுக்கும் பெயர் வைத்தது அப்படியொரு சாப்பாட்டு நேரத்தில்தான். பெரிய மெசின் பெருநிலம், சின்னது தீவு. "எங்கட பக்கம் பெரிசு, பாருங்கோ" என்றீர்கள். "சின்னதுதான் ஒழுங்காய் வேலை செய்யிது" என்றேன்.

அந்தக் காலத்திலேயே ஒருநாள், எதுவும் கேட்காமல் நீங்களாகவே, உங்கள் மனைவியைப் பற்றிச் சொன்னீர்கள். ஊர்க் கோயில் திருவிழாவில் ஊஞ்சற்பாட்டு அவதான் பாடுவா. ஒரு வருடம், திருவிழாவுக்கு முதல்நாள், கடையில் புது மைக்கைச் சோதிக்க அவவை இருத்திப் பாடவைத்துச் சுருள் ரேப்பில் பதிந்திருக்கிறீர்கள். பிறகு இடப்பெயர்வு. கடை போனது, மெசின் போனது, சண்டையின் கடைசி மாதங்களில் விழுந்து வெடித்த ஒரு செல்லில் அவவும் போனா. சுருளை மட்டும் பால்மா ரின்னுக்குள் வைத்து, சொப்பிங் பையால் சுற்றி, ஒவ்வொரு இடமாகக் காவிக்கொண்டு முகாம்வரை வந்தீர்கள். முகாம் வாசலில் ஒரு ஆமிக்காரப் பெடியன் ரின்னைத் திறந்து, இது என்னவென்று சிங்களத்தில், "மேக்க மொகத?" என்று கேட்டானாம். "சிந்து, மாத்தயா" என்றீர்களாம். பாட்டு என்று அறிந்ததும் அவன் மூடியை இறுக்கிப் பூட்டித் திருப்பிக் கொடுத்தானாம்.

"அதைப் போட்டுக் கேக்கிறதுக்கு மெசின் எங்கையும் இல்லை மாஸ்ரர். இஞ்சதான் இருக்கு. மேசையைச் சரிக்கட்டி முடிய, ஒருக்காக் கேட்டு, பெரிய மெசினில ஒரு பிரதியும் எடுக்கோணும். மகளுக்கு அம்மாட குரல் மறந்துபோச்சாம்" என்றீர்கள்.

அவ்வளவு பொறுமையாக நீங்கள் அந்த விளக்குக்கு ஏன் மினைக்கெட்டீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் திருந்தவில்லை.

அதுவரை ஒவ்வொரு மெசினாகத்தான் மேசையோடு இணைத்துச் சோதித்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், நீங்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்து, மேசையின் சின்னத் திரையில் ஒன்றாம் இலக்கம் இந்த மெசின், இரண்டாம் இலக்கம் அந்த மெசின் என்று எழுதிவைத்துவிட்டுப் பின்னேரப் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். நான் பிறகு வந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று இரண்டு தெரிவுப் பட்டன்கள். பக்கத்தில் பெயர் இல்லை; திரையை நான் பார்க்கவில்லை. ஒரு துண்டு பிளாஸ்ரரில் "தீவு" என்று எழுதி ஒன்றின் மேலும், "பெருநிலம்" என்று எழுதி இரண்டின் மேலும் ஒட்டினேன். உங்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தீவில் பிறந்த ஒருவனுக்கு ஒன்று என்றால் வேறு எது? நீங்களோ பெருநிலத்து ஆள். திரையில் ஒன்றாவது பெருநிலம் என்றே எழுதியிருந்தீர்கள். அதை யாரையும் கேட்க வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. நீங்கள் பால்மா ரின்னோடு வந்தீர்கள். அன்று வந்த களைப்பாறக்கூட நீங்கள் இருக்கவில்லை. சுருளைச் சின்ன மெசினில் ஏற்றி, நாடாவைக் கோத்து, மெசினிலேயே இருந்த பட்டனால் ஓடவிட்டீர்கள். பதிவைத் தடுக்கிற சின்னச் சுவிச்சு ஒன்று அதன் முகப்பில் இருந்தது. வேறு எந்த நாளிலும் நீங்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு ஒரு பெண் தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு அவ பாடினா. அண்ணை, எத்தனையோ பிள்ளைகளுக்குச் சுருதி சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் குரலில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் மெசினுக்கு முன்னால் நின்றபடி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டீர்கள். முதல் அடி முடிந்து இரண்டாம் அடி தொடங்கியது. அப்போதுதான் நான் கவனித்தேன்: நாடாவிலிருந்து மண்ணிறத் தூள் உதிர்ந்து மெசினின் தலையில் படிந்துகொண்டிருந்தது. எனக்குப் பதைப்பு வந்துவிட்டது. இது ஒருமுறைதான் ஓடும், இரண்டாம் முறை ஓடுமோ தெரியாது, கேட்டு முடித்த பிறகு பிரதி எடுப்போம் என்று இருந்தால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்தேன். பெரிய மெசினில் வெறும் நாடா தயாராக இருந்தது. "பெருநிலம்" என்று நான் எழுதிய பட்டனைத் தெரிந்து, பதிவுப் பட்டனை அழுத்தினேன். பழக்கத்தில் இடது கையும் அறிவிப்புப் பட்டனுக்குப் போய்விட்டது. "ஊஞ்சற்பாட்டு, பிரதி ஒன்று" என்றேன்.

"பொறுங்கோ மாஸ்ரர், அந்த விளக்கு…" என்றீர்கள்.

"எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் சும்மா இருங்கோ" என்றேன்.

"இல்லை, விளக்கைப் பாருங்கோ" என்றீர்கள்.

பார்த்தேன். பெரிய மெசின் அசையாமல் நின்றது. உங்களுக்கு முன்னால், சின்ன மெசினின் நெற்றியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அவவின் பாட்டுக்கு மேலேயே பதிந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் கை நீட்டி நிறுத்தினீர்கள். நான் கணக்கு ஓடுகிற கண்ணாடியைப் பார்த்தேன்: பதினொரு விநாடி. பதினொரு விநாடியில் ஊஞ்சற்பாட்டில் எத்தனை சொல் போகும் என்று சங்கீத மாஸ்ரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் சுருளைக் கழற்றி ரின்னுக்குள் வைத்து மூடினீர்கள். கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தீர்கள். பிறகு எழும்பி வந்து, நான் ஒட்டிய இரண்டு துண்டுகளையும் உரித்து எடுத்து, திரையிலும் இலக்கங்களை அழித்துவிட்டு, "இனி இதில ஒண்டு, ரெண்டு எண்டு ஒண்டும் வேண்டாம். பேர் மட்டும் காணும்" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த கிழமை பிரதி எடுக்க வந்தபோது, "நான் தனியச் செய்யிறன் மாஸ்ரர், நீங்கள் வெளியில இருங்கோ" என்றீர்கள். அது எனக்குக் கன்னத்தில் விழுந்த அடிதான். மண்டபத்து நிழலில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். கதவு தடிப்பு, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் வெளியே வந்ததும், உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதன் பிறகும் நாங்கள் எத்தனையோ பாட்டுப் பதிந்தோம். இப்போது அந்த அறையில் ஒரு கணினி இருக்கிறது. பெடியள் தொலைபேசியிலேயே பதிந்து, பிழைத்தால் ஒரு தட்டில் பழையபடி ஆக்கிவிடுகிறார்கள். நல்ல வசதி, எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. அன்றைக்கு அப்படியொரு தட்டு இருந்திருந்தால் என்று மட்டும் நினைப்பேன்.

நீங்கள் இரண்டு தடவை அதைப் பற்றிப் பேச வந்தீர்கள். முதல் தடவை மடு மாதா கோயிலில், ஆவணித் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்திருந்தீர்கள். நான் பாடகர் குழுவோடு வந்திருந்தேன். மத்தியானம் மரத்துக்குக் கீழே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது, "மாஸ்ரர், அந்த ரேப்பில ஒரு விசயம்…" என்று தொடங்கினீர்கள். "அந்தக் கதையை எடுக்காதேங்கோ அண்ணை. எடுத்தால் நான் எழும்பிப் போயிடுவன்" என்றேன். "சரி, சரி, குடியுங்கோ" என்றீர்கள். இரண்டாம் தடவை போன வருடம், ஆசுபத்திரியில். நெஞ்சுச் சளியால் உங்களுக்கு இரண்டு சொல் சேர்ந்து வரவில்லை. "பிள்ளையிட்டை ஒரு சீடி இருக்கு மாஸ்ரர். நீங்கள் ஒருக்கா…" என்றீர்கள். "களைப்படையாதேங்கோ. சும்மா இருங்கோ" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். என்னைத் தேற்றத்தான் சிரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் செய்தி வந்தது.

திவசம் நல்லபடியாக நடந்தது. ஐயர் போன பிறகு சாப்பாடு. உங்கள் வீடு இப்போது கல்வீடு. தகரக் கொட்டில் நின்ற இடத்தில் மகள் தோடை நட்டிருக்கிறாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனதும், அவள் அலுமாரியைத் திறந்து, அந்தப் பிரதியிலிருந்து பதிந்த சீடியை எடுத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாகுது பிள்ளை" என்று எழும்பினேன்.

"பொறுங்கோ மாமா. இதைக் கேக்காமல் போகேலாது. அப்பா சொல்லிப்போட்டுப் போனவர்" என்றாள்.

அப்பா சொன்னார் என்றால் நான் என்ன செய்வது? இருந்தேன். இரைச்சல் வந்தது. தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. அவ பாடினா. முதல் அடி முடிந்தது. இரண்டாம் அடி தொடங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டு, இனி வரப்போகிற பதினொரு விநாடி மௌனத்துக்குக் காத்திருந்தேன்.

டக் என்று ஒரு சத்தம். பிறகு என் குரல்: "ஊஞ்சற்பாட்டு, பிரதி ஒன்று." பிறகு உங்கள் குரல், கொஞ்சம் தள்ளி நின்று, மெதுவாக: "பொறுங்கோ மாஸ்ரர், அந்த விளக்கு…" அதை மூடிக்கொண்டு மறுபடியும் நான்: "எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் சும்மா இருங்கோ." பிறகு நீங்கள். பிறகு டக். அவ அடுத்த அடியைப் பாடிக்கொண்டிருந்தா.

இடது கை அறிவிப்புப் பட்டனில் இருந்ததை நான் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அதன் மைக் திறந்தே இருந்திருக்கிறது. நாங்கள் பேசியதெல்லாம் அவவின் பாட்டுக்கு நடுவில் போய் இருந்துவிட்டது. என்ன முகத்தோடு அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பது? "நான்தான் பிள்ளை பழுதாக்கினனான்" என்று சொல்லத் தொடங்கினேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மாமா. அப்பா பின்னேரத்தில கேட்டுக்கொண்டு இருப்பார். இந்த இடம் வந்தால் ஒவ்வொரு நாளும் சிரிப்பார். முதல் நாள் தனிய இருந்து கேக்கேக்கயே சிரிச்சவராம். உங்களுக்குச் சொல்லுவம் எண்டு வெளியில வர, நீங்கள் சைக்கிளில போய்க்கொண்டு இருந்தனீங்களாம்."

அவள் கையிலிருந்த சீடி உறையைத் தடவிக்கொண்டு தொடர்ந்தாள்.

"எங்களிட்டை ஒரு படமும் இல்லைத்தானே மாமா. கலியாண அல்பம், அம்மாட அடையாள அட்டை, ஒண்டும் மிஞ்சேல்லை. அப்பா எப்பவும் மெசினுக்குப் பின்னாலதான் நிப்பார், தன்ரை குரலை ஒருநாளும் பதிஞ்சதில்லை. 'மாஸ்ரராலதான் நானும் கொம்மாவும் ஒரு இடத்தில இருக்கிறம்' எண்டு சொல்லுவார். 'அந்த மனுசனுக்கு இதை ஒருக்காச் சொல்லோணும், ஆனால் வாயைத் திறக்க விட்டால்தானே' எண்டும் சொல்லுவார்."

அண்ணை, எனக்கு முதலில் வந்தது கோபம். உண்மையாகவே கோபம். பன்னிரண்டு வருடம்! உங்கள் சிரிப்பையெல்லாம் என்னைத் தேற்றும் சிரிப்பு என்று எண்ணி, பூசைக்குப் பூசை இந்தப் பாவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். கையைப் பிடித்து இருத்தி, வாயைப் பொத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு கடிதம் எழுதியிருக்கக் கூடாதா? பிறகு மடுவில் நீங்கள் மிச்சம் குடிக்காமல் கையில் வைத்திருந்த பிளேன்ரீ நினைவுக்கு வந்தது. ஆசுபத்திரியில் பாதியில் நின்ற அந்த வசனம் நினைவுக்கு வந்தது. இரண்டு தடவையும் எனக்கு விடுதலை சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள். இரண்டு தடவையும் நான்தான் உங்களைச் சும்மா இருக்கச் சொன்னேன். உங்கள் மகளுக்கு முன்னால், அவள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, பிள்ளையைப் போல அழுதேன்.

அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வீதியில் கடைசி பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை. அம்மாவைப் பற்றி, முகாமைப் பற்றி, ரின்னைத் தலைக்கு வைத்துப் படுத்ததைப் பற்றி. இடையில் நாலைந்து தடவை என் நாக்கு நுனிவரை ஏதோ வந்தது. விழுங்கிக்கொண்டேன். அன்று இரவு உங்கள் வீட்டில்தான் படுத்தேன்.

சீடியில் ஒரு பிரதி எனக்கும் தந்திருக்கிறாள். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துப் போடுகிறேன். என் குரலைக் கேட்க எனக்கே காது கூசுகிறது. என்ன அதட்டல், என்ன திமிர்! உங்கள் வசனத்தை 'விளக்கு' என்ற சொல்லோடு அறுத்துவிட்டேன். அந்த அரை வசனத்தைத்தான் இப்போது எங்கே போனாலும் காவிக்கொண்டு திரிகிறேன். வீட்டில் மனுசி பேசும்போதும், பேரப்பிள்ளைகள் பேசும்போதும், எனக்குப் பதில் வாய்க்கு வந்தாலும் கொஞ்சம் நிற்கிறேன். எழுபதை எட்டும் வயதில் ஒரு மாஸ்ரர் வாய் பொத்திக் கேட்கப் பழகுகிறான். உங்களுக்குச் சிரிப்பு வரும். வடிவாகச் சிரியுங்கோ அண்ணை. நான் இடையில் கதைக்க மாட்டன்.

உங்கள்,
மாஸ்ரர்